எத்தர்கள் எத்தனை வகை?

நம்மை ஏமாற்றிய ஒருவனைத் தமிழிலே ஏசுவதற்கு நாம் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. எத்தன், புரட்டன், வஞ்சகன், மோசக்காரன், பித்தலாட்டக்காரன் என்று வரிசையாக வந்து நாவின் நுனியிலே நிற்கும். ஆயினும், சொந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழ்கின்ற நமக்கு, அந்தச் சொற்கள் வீட்டுக்குள்ளேதான் பயன்படுகின்றன. காவல் நிலையத்துக்கு ஒரு மனு, வங்கிக்கு ஒரு புகார், குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு கடிதம் என்று வரும்போது, அவ்வூர் மொழியை எழுதப் பழகாதவர்கள் ஆங்கிலத்தையே நாட வேண்டியிருக்கிறது. அப்பொழுது நம்மிற் பெரும்பாலோர் ‘சீட்’, ‘ஃப்ராடு’ என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு எல்லாரையும் அளந்துவிடுகிறோம். பொய் சொன்னவனும் சீட்; கடனைத் திருப்பித் தராதவனும் சீட்; வேறொருவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவனும் சீட்.

ஆங்கிலம் இவர்களையெல்லாம் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஏமாற்றுகிறவன் எதைப் போலியாகக் காட்டினான் என்று முதலிலே கேட்கிறது. தன் பெயரையா, தன் படிப்பையா, தான் விற்கும் சரக்கையா, தன் நல்லொழுக்கத்தையா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அறிவது பள்ளிக்கூடத்து மொழிப் பயிற்சியோடு நின்றுவிடும் காரியம் அன்று. ஒருவன்மேல் எந்தச் சொல்லை இடுகிறோமோ, அதுவே அவன்மேல் நாம் சாட்டுகிற குற்றம். சொல் குறைந்தால் குற்றவாளி தப்புவான். சொல் மிகுந்தால் குற்றமற்றவன் மானம் இழப்பான்.

தமிழில் இந்த நுட்பம் இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நாம் ஆளுக்குப் பெயரிடுவதைவிடச் செயலுக்குப் பெயரிடுவதில் வல்லவர்கள். நம்ப முடியாத கதையைச் சொன்னால் காதிலே பூச்சுற்றுகிறான் என்கிறோம். இனிக்க இனிக்கப் பேசித் தன் வேலையை முடித்துக்கொண்டால் தலையிலே மிளகாய் அரைத்துவிட்டான். வாங்கியதைத் தராமற்போனால் நாமம் போட்டுவிட்டான். பணத்தோடு மறைந்தால் கம்பி நீட்டிவிட்டான். நாம் இவ்வாறு வினையிலே காட்டுகின்ற வேற்றுமையை ஆங்கிலம் பெயரிலே காட்டுகிறது. அவ்வளவே.

சீட், லையர், ஃபோர்ஜர்

‘சீட்’ என்பது இக்கூட்டத்திலே மிகப் பொதுவான சொல். விதியை மீறி, நேர்மையற்ற வழியிலே ஆதாயம் தேடுகிற எவனும் சீட். தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறவன், சீட்டாட்டத்தில் சீட்டை ஒளிக்கிறவன், எடையிலே குறைக்கிறவன் ஆகிய எல்லாரும் இதில் அடங்குவர். இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. வாரிசு இல்லாமல் இறந்தவனுடைய நிலம் மன்னனைச் சேர வேண்டும் என்பது பழைய இங்கிலாந்தின் நிலமுறை. அதற்கு ‘எஸ்சீட்’ என்று பெயர். அப்படிச் சேர வேண்டிய நிலங்களைக் கவனித்த அதிகாரிகள், சேரக் கூடாதவற்றையும் வாரிக்கொண்டார்கள் என்று மக்களிடம் கெட்ட பெயர் எடுத்தனர். சட்டச் சொல் நாளடைவில் தலையெழுத்தை இழந்து, ‘சீட்’ என்ற வசைச்சொல் ஆயிற்று.

‘லையர்’ என்பவன் பொய்யன். அவன் பிறர் பொருளைப் பறிக்க வேண்டும் என்பதில்லை. வீண் பெருமைக்காகத் தன் பாட்டனார் ஜமீன்தார் என்று சொல்லிக்கொள்பவன் லையர். அதைக் காட்டிக் கடன் வாங்கி மோசம் செய்யும் வரையில் அவன் சீட் ஆக மாட்டான்.

இரயில்வேயில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு இந்த நுட்பம் அன்றாடம் தேவைப்படுகிறது. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்திலே டிக்கெட் இல்லாத பயணத்தைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 137ஆம் பிரிவு, இரயில்வேயை ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்கிறவனைப் பற்றியது. 138ஆம் பிரிவு, உரிய டிக்கெட் இல்லாதவரிடம் கட்டணத்தையும் அதற்குமேல் மிகைக் கட்டணத்தையும் வசூலிப்பது பற்றியது. ஒரே பெட்டியில் இருவர் இருக்கிறார்கள். இருவர் கையிலும் டிக்கெட் இல்லை. ஒருவர் அவசரத்தில் ஏறிவிட்டுப் பரிசோதகரைத் தாமே தேடி வருகிறார். மற்றவர் பழைய டிக்கெட்டைத் தேதி மாற்றிக் கையிலே வைத்திருக்கிறார். எண்ணம் வேறு, ஆகையால் பிரிவும் வேறு. தேதியைத் திருத்தியவருக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயரும் பொருந்தும்: ‘ஃபோர்ஜர்’. போலிப் பத்திரம், போலிக் கையெழுத்து, போலி முத்திரை இவற்றை ஆக்குகிறவனுக்கே அப்பெயர் உரியது. அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்ட தரகர் 143ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளி. எனினும் அவர் விற்பது மெய்யான டிக்கெட்டாக இருக்குமாயின், அவரை ஃபோர்ஜர் என்று எழுதுவது பிழை.

‘ஃப்ராடு’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. அது செயலுக்கும் பெயர், ஆளுக்கும் பெயர். ‘ஹி கமிட்டட் எ ஃப்ராடு’ என்றால் அவர் ஒரு மோசடியைச் செய்தார் என்று பொருள். அவர் உண்மையான வங்கி மேலாளராகவே இருக்கலாம். ‘ஹி இஸ் எ ஃப்ராடு’ என்றாலோ, அவர் தம்மை எவராகக் காட்டிக்கொள்கிறாரோ அவர் அல்லர் என்று பொருள். முன்னது ஒரு செயலைக் குறித்தது. பின்னது ஆள் முழுவதையுமே போலி என்கிறது. மனுவிலே முன்னதை எழுத வேண்டிய இடத்தில் பின்னதை எழுதிவிடுகிறவர்கள் பலர்.

பெயரைத் திருடுகிறவன்

தான் அல்லாத ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறவன் ‘இம்பாஸ்டர்’. நம் வழக்கில் ஆள்மாறாட்டக்காரன். இங்கிலாந்தில் இதற்குப் பெயர்போன வழக்கு டிச்பர்ன் வழக்கு. ரோஜர் டிச்பர்ன் என்ற செல்வக் குடும்பத்து இளைஞர் 1854இல் தென் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்ட கப்பலோடு காணாமற்போனார். மகன் இறந்தான் என்பதைத் தாய் ஏற்கவில்லை. பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஆஸ்திரேலியாவிலே வாகா வாகா என்னும் ஊரில் கசாப்புக் கடைக்காரனாக இருந்த ஒருவன், “நானே அந்த ரோஜர்” என்று 1866இல் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தான். பாரிஸில் வளர்ந்த ரோஜருக்குப் பிரெஞ்சு தாய்மொழி போன்றது. வந்தவனுக்கோ அம்மொழி தெரியவில்லை. அப்படியிருந்தும் தாய் அவனை மகனாக ஏற்றுக்கொண்டார். நீண்ட வழக்குகளின் முடிவில் 1874இல், பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்காக அவனுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இச்சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு ஆள வேண்டும் என்பதற்கு வங்காளத்திலே ஒரு வழக்கு உண்டு. டாக்கா மாவட்டத்துப் பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்து தகனம் செய்யப்பட்டதாகக் கூறப்பட்டது. 1921 வாக்கில் டாக்காவிலே தோன்றிய ஒரு சந்நியாசி அந்தக் குமாரர்தாம் என்று உறவினர் சிலர் அடையாளம் கண்டனர். குமாரரின் மனைவியும் ஜமீனை நிர்வகித்த அரசாங்கத் துறையும் அவரை இம்பாஸ்டர் என்றன. வழக்கு நடந்தது. 1936இல் டாக்கா நீதிமன்றமும், 1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவரே குமாரர் என்று தீர்ப்பளித்தன. இறுதித் தீர்ப்பு வந்த சில நாள்களுக்குள் அவர் காலமானார். கால் நூற்றாண்டுக் காலம் ஒரு சொல்லைச் சுமந்து திரிந்தவர், அது நீங்கிய பிறகு ஒரு வாரங்கூட நிம்மதியாக வாழவில்லை.

படிப்பைத் திருடுகிறவன்

பெயர் உண்மை, படிப்புத்தான் பொய் என்றால் அங்கே ‘குவாக்’ வருகிறான். டச்சு மொழியிலே தன் களிம்பின் பெருமையை உரக்கக் கூவி விற்றவனைக் குறித்த நீண்ட சொல்லின் குறுக்கம் இது. ஆகவே இது மருத்துவத்துக்கே சிறப்பாக உரியது. பட்டமே இல்லாதவன்தான் குவாக் என்று நாம் நினைக்கிறோம். ஓமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து, நோயாளி இறந்த வழக்கிலே, நமது உச்ச நீதிமன்றம் 1996இல் இதை விளக்கியது. எந்த மருத்துவ முறையைக் கற்கவில்லையோ அந்த முறையில் சிகிச்சை செய்கிறவர் குவாக் என்றது. வேறொரு முறையிலே பெற்ற பட்டம் அவரைக் காப்பாற்றாது.

‘சார்லட்டன்’ என்பவன் குவாக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். இத்தாலிய மொழியில் ஓயாமல் வம்பளத்தலைக் குறிக்கும் வினை இச்சொல்லில் கலந்திருக்கிறது. சோதிடம், ஆன்மிகம், பங்குச்சந்தை, பரீட்சைப் பயிற்சி என்று எந்தத் துறையிலும் அவனைக் காணலாம். குவாக்குக்குத் தன் மருந்திலே தனக்கே நம்பிக்கை இருக்கவும் கூடும். சார்லட்டனோ தன் வெறுமையைத் தானே நன்கு அறிந்தவன். வாய்ச்சாலகத்தால் அதை மூடுகிறவன். ‘மௌண்ட்பேங்க்’ என்ற பழஞ்சொல் இவனுக்கும் முற்பட்டவனைக் குறிக்கும். சந்தையிலே பலகையின்மேல் ஏறி நின்று சரக்கை விற்றவன் என்பதே அதன் பொருள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, சண்டையைக் காட்டாமலே தாயத்தை விற்றுவிட்டுப் போகிறவரை நம் ஊர்ச் சந்தைகளிலே பார்த்தவர்களுக்கு இச்சொல்லுக்கு உரையே வேண்டாம்.

பணத்தைப் பறிப்பவனும் நம்பிக்கையைப் பறிப்பவனும்

‘ஸ்விண்ட்லர்’ என்பது ஜெர்மன் மொழியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தலைசுற்றல் என்ற பொருளுடைய சொல்லின் வழியிலே பிறந்தது. கேட்பவனுக்குத் தலை சுற்றும்படி பெரிய பெரிய திட்டங்களைச் சொல்லிப் பணம் வாங்குகிறவன் ஸ்விண்ட்லர். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே சார்ல்ஸ் பொன்சி செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அயல்நாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்பதாகச் சொல்லி, 45 நாளில் 50 சதவீத இலாபம் தருவதாக அறிவித்தார். உண்மையிலே பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார். சில மாதங்களிலே எல்லாம் சரிந்தது. இன்றும் அத்தகைய திட்டங்களுக்கு உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது.

‘கான் மேன்’ என்பவன் இன்னும் நுட்பமானவன். ‘கான்ஃபிடென்ஸ் மேன்’ என்பதன் குறுக்கம் அது. நம்பிக்கை மனிதன் என்று பொருள்படும். 1849இல் நியூயார்க்கிலே வில்லியம் தாம்சன் என்ற பெயரால் அறியப்பட்ட ஒருவன், நல்ல உடை உடுத்தித் தெருவிலே செல்வர்களை அணுகி, பழைய நண்பன்போலப் பேசுவான். பிறகு, நாளை வரையில் உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பான். அவர்களும் கொடுத்தார்கள்; கடிகாரம் திரும்பவில்லை. அவன் பிடிபட்டபோது பத்திரிகைகள் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. ஸ்விண்ட்லர் நம் ஆசையைக் கொண்டு பறிக்கிறான். கான் மேன் முதலில் நம் நம்பிக்கையைப் பெறுகிறான், பொருள் அதன் பின்னாலே தானாக வருகிறது.

நல்லவன்போல் நடிப்பவன் ‘ஹிப்போகிரைட்’. கிரேக்க மொழியில் நாடக நடிகனைக் குறித்த சொல் இது. பஞ்சதந்திரக் கதையிலே சீடன் வேடம் பூண்டு துறவியின் பணத்தைக் கவர்ந்த ஆஷாடபூதியின் பெயரை நாம் இதற்கு வழங்குகிறோம். திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால், ஹிப்போகிரைட் என்பதற்காக எவர்மேலும் வழக்குத் தொடர முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணம் பிறந்த நேரம்

நம் குடும்பங்களிலே மிகுதியாகத் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் நம்மிடம் பணம் வாங்குகிறார், திரும்பி வரவில்லை. அவர் யார்?

வாங்கும்போதே தருவதில்லை என்ற எண்ணத்தோடு பொய் சொல்லி வாங்கினாரானால் அவர் சீட். நாம் முறையாக ஒப்படைத்த பொருளைப் பிற்பாடு மனம் மாறித் தமதாக்கிக்கொண்டாரானால் அது நம்பிக்கைத் துரோகம். அலுவலகப் பணத்திலே கைவைத்த காசாளர் ‘எம்பெஸ்லர்’. அதற்குக் கையாடல் என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. வாங்கும்போது தர எண்ணி, வேலை போனதாலோ நோய் வந்ததாலோ தர முடியாமற்போனவர் ‘டிஃபால்டர்’ மட்டுமே. அவர் கடனாளி, எத்தர் அல்லர். வஞ்சக எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று நமது நீதிமன்றங்கள் பலமுறை வற்புறுத்தியிருக்கின்றன.

நண்பர்களுக்குள் ஏலச்சீட்டு நடத்துவது நம்மவர் சென்ற இடமெல்லாம் கூடவே செல்லும் வழக்கம். சீட்டை எடுத்தவர் இரண்டு தவணை தவறினால், உடனே குழுவின் வாட்ஸ்அப்பிலே அவர் பெயரைப் போட்டுச் ‘சீட்’ என்று எழுதிவிடுகிறார்கள். சீட்டுக்கும் சீட்டுக்கும் எழுத்திலே வேறுபாடு சிறிதாக இருக்கலாம். மானத்திலே அது பெரிது. மனைவி சங்கத்து நவராத்திரிக் கொலுவுக்கு வர வெட்கப்படுவாள். பிள்ளை தமிழ் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும். ஆதாரமின்றி அவ்வாறு எழுதுவது அவதூறு என்று எழுதினவர்மேலேயே வழக்கு வரவும் இடமுண்டு.

இங்கே ‘நானூற்றிருபது’ என்ற எண்ணையும் சொல்லிவிட வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருளைப் பெறுதலுக்குரிய பிரிவு 420. அந்த எண்ணே வசையாகி, ராஜ் கபூர் 1955இல் எடுத்த படத்தின் தலைப்பிலும் ஏறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் மொத்தப் பிரிவுகளே 358தான். 420 என்ற எண்ணுக்கே இடமில்லை. ஏமாற்றுதல் இப்பொழுது 318ஆம் பிரிவு. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் 319. நம்பிக்கைத் துரோகம் 316. அரசு ஊழியராக நடித்தல் 204. அந்நாளுக்குப் பின் நடந்த குற்றத்துக்கு எழுதும் மனுவில் பழைய எண்ணைப் போடுவதில் பொருளில்லை.

ஏமாந்தேன் என்னும் சொல்

எங்கள் குடியிருப்பிலே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் பெயரில் வந்த பார்சலிலே போதைப் பொருள் இருந்ததாகவும், அவரை ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாகவும் போலீஸ் சீருடையில் ஒருவன் காணொளியிலே சொன்னான். விசாரணை முடியும் வரையில் சேமிப்பை ஓர் ‘அரசாங்கக் கணக்குக்கு’ மாற்றச் சொன்னான். அவர் மாற்றினார். அது மோசடி என்று அன்று மாலையே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் இரண்டு நாள் அவர் வீட்டில் எவரிடமும் வாய் திறக்கவில்லை. “இத்தனை படித்தும் ஏமாந்துவிட்டேன்” என்பதே அவர் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிட்டது.

மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் எழுதியிருந்ததிலே தம் அறியாமையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அவனைப் பற்றி ‘சீட்’ என்ற ஒரே சொல் இருந்தது. அவன் வெறும் சீட் அல்லன். காவல் அதிகாரியாக நடித்ததால் இம்பாஸ்டர். முத்திரையிட்ட பொய் ஆணையைக் காட்டியதால் ஃபோர்ஜர். அச்சத்தையும் நம்பிக்கையையும் மாறி மாறித் தூண்டியதால் கான் மேன். இவற்றைப் பெயர்களாக எழுதாமல் நடந்தவையாக எழுதினோம். அழைத்த எண், அழைத்த நேரம், தன்னை இன்னார் என்று அவன் சொன்னது, காட்டிய தாள், பணம் சென்ற கணக்கு. மனு ஒரு பக்கத்தில் அடங்கியது.

தமிழில் ‘ஏமாந்தேன்’ என்னும்போது எழுவாய் நான்; செய்தவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. குற்றம் முழுவதும் ஏமாந்தவர்மேல் வந்து விழுகிறது. அவரை ஏமாளி என்று வேறு சொல்லிவிடுகிறோம். அந்த வெட்கந்தான் இரண்டு நாளைத் தின்றது. காணொளியிலே ஒருவரைக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பண மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால், பணம் வேறு கணக்குக்குப் போகும் முன்னே அதை நிறுத்திவைக்க வழியுண்டு.

ஆதலால், அன்பர்களே, நம் இல்லங்களில் இத்தகைய தீங்கு நேர்ந்தால், “எப்படி ஏமாந்தீர்கள்?” என்று பெரியவர்களைக் கேட்பதை விட்டுவிடுவோம். “அவன் தன்னை யார் என்று சொன்னான்?” என்று கேட்போம். முதற்கேள்வி அவர்கள் வாயை அடைத்துவிடும். இரண்டாம் கேள்விக்கு வரும் விடைதான் மனுவின் முதல் வரி.